கங்காணி மீனும் ஒரு கைதியின் அகராதியும்

— முன்னாள் மாணவன்

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். என்னிடம் படித்தவர்தான். "கோயில் வரலாறு எழுதட்டுமா, பள்ளி வரலாறு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் போன மலர்லயும் வந்தாச்சு சார், அதுக்கு முந்தின மலர்லயும் வந்தாச்சு. பிள்ளைங்க விரும்பிப் படிக்கிற மாதிரி வேறே ஏதாவது எழுதுங்க" என்றார். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழியில் நெடுஞ்சாலை விளக்கு எட்டாத ஓர் இடம் உண்டு. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தேன். தாத்தாவின் நினைவு வந்தது. எழுத வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். நான் சொல்வது 1960களின் நடுவில். எங்கள் லயத்தில் இருந்த ஒரே கடிகாரம் கோணல் வீட்டு மாமாவுடையது. அதுவும் அவர் சாவி கொடுத்தால்தான் ஓடும். பெரட்டு மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்து, கோப்பி குடித்து, காண்டா வாளியை எடுத்துக்கொண்டு இருட்டில் போய் நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைய மரம் கிடைக்குமா என்பது கங்காணி கையில் இருந்தது. ஆகவே தாத்தா விழித்ததும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பார்.

தீபாவளி நெருங்கும் நாட்களில் அந்த நேரத்துக்குத் தெற்கே தனியாக ஒரு பெரிய மீன் நிற்கும். "கங்காணி வந்து நின்னுட்டான், எழுந்திரிங்க" என்பார் தாத்தா. அதற்கும் மேலே, தலையை நன்றாக அண்ணாந்தால், இன்னும் பிரகாசமாக வெள்ளையாய் மின்னுவது 'துரை'. அதன் பக்கத்தில் ஒரே கோடாக நிற்கும் மூன்று மீன்கள், ஸ்டோரில் பால் நிறுக்க வரிசை பிடித்து நிற்கும் மூன்று ஆட்கள். "பாரு, துரை மேல நிக்கிறாரு, கங்காணி கீழ நிக்கிறான், மூணு பேரு வரிசையில நிக்கிறாங்க. அங்கேயும் தோட்டந்தான்" என்று சிரிப்பார்.

பாட்டி சொன்ன கதை வேறு. அது ஊரிலிருந்து அவர்களோடு கப்பலேறி வந்த கதை. ஒரு செட்டியார் மூட்டை முடிச்சோடு விடியற்காலையில் புறப்பட எண்ணிப் படுத்திருந்தாராம். நடுச்சாமத்தில் கிழக்கே பளிச்சென்று ஒன்று எழுந்தது. விடிவெள்ளி என்று நம்பிப் புறப்பட்டார். விடியவே இல்லை. காட்டு வழியில் கள்ளர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அந்த மீனுக்குச் 'செட்டியைக் கெடுத்த வெள்ளி' என்று பெயர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழகிய பெயர் இது. சில மாதங்களில் வியாழன் அப்படி ஏமாற்றும், சில மாதங்களில் வேறொரு பெரிய மீன் ஏமாற்றும். தாத்தாவும் ஒருமுறை ஏமாந்து, பாதி ராத்திரியில் பெரட்டுக் களத்தில் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். பாட்டி அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

மீனைப் பார்த்து நேரம் சொல்வது எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். சூரியனைப் போல மீன்களும் கிழக்கே எழுந்து மேற்கே மறைகின்றன. ஆனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக எழுகின்றன. மாதத்துக்கு 2 மணி நேரம். ஆண்டு முடிந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். பூமி சூரியனைச் சுற்றி வருவதால் ஏற்படும் கணக்கு இது. ஐப்பசியில் பெரட்டு நேரத்துக்குத் தெற்கே நிற்கும் கங்காணி, தையில் அதே நேரத்துக்குள் மேற்கே இறங்கிவிடுவான். ஆகவே தாத்தாவுக்கு மாதத்துக்கு ஒரு மீன் தேவைப்பட்டது. பன்னிரண்டு மாதத்துக்கும் அவரிடம் ஆள் இருந்தது. எனக்கு நினைவில் நின்றவர்கள் நாலைந்து பேர்தான். 1982 சனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தபோது தாத்தா உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "கங்காணியைத் தள்ளி வைக்க முடியுமா?" என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

துரை யார், கங்காணி யார் என்பது எனக்குப் பள்ளியை விட்ட பிறகுதான் தெரிந்தது. துரை என்பது இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியஸ். கங்காணி அதற்கு அடுத்த பிரகாசம் கொண்ட கனோபஸ். நம் முன்னோர் அதை அகத்தியர் என்றார்கள். முதலிடத்தை முதலாமவனுக்கும் இரண்டாமிடத்தை இரண்டாமவனுக்கும் எழுத்தறியாத என் தாத்தா சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்! வரிசையில் நின்ற மூவர் ஒரையன் என்ற வேட்டைக்காரனின் இடைக்கச்சை. அவன் தோளில் சிவப்பாக இருப்பதுதான் நம் திருவாதிரை.

சரி, தாத்தா வைத்த பெயரை எந்த வரைபடத்திலும் காணோமே, ஏன்? வானத்துக்குப் பெயர் வைக்கும் அதிகாரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள்? நான் எழுத வந்த சரித்திரம் இதுதான்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அதுவரை கிரேக்கர்கள் அறிந்த விண்மீன் படங்களைத் தொகுத்து 48 என்று எழுதி வைத்தார். ஐரோப்பாவில் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அதுவே சட்டம். நம்மவர்களோ சந்திரன் போகும் பாதையை 27 நாள்மீன்களாகப் பிரித்துக்கொண்டார்கள். கார்த்திகையைச் சங்ககாலத்தார் அறுமீன் என்றார்கள்.

தாலமியின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வடக்கே இருப்பவர்களுக்குத் தெற்கு வானத்தின் அடிப்பகுதி எழுவதே இல்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் நின்றால் கங்காணி மீன் ஒருநாளும் கண்ணில் படாது. நாமோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மே மாதத்து முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே சிலுவை மீனையும் ஒரே நேரத்தில், நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்க்கலாம். இந்தப் பாக்கியம் ஐரோப்பாவில் இருப்பவனுக்குக் கிடையாது. சிலுவை மீனை நம் பெரியவர்கள் சிலர் திரிசங்கு என்பார்கள், விசுவாமித்திரர் கதையில் தலைகீழாகத் தொங்கியவன். மலாய்க்காரர்கள் அதைப் 'பிந்தாங் பாரி', திருக்கை மீன், என்பார்கள். கடலில் பிழைப்பவன் கண்ணுக்குத் திருக்கை தெரிகிறது!

1595ஆம் ஆண்டு ஏப்ரலில் நான்கு டச்சுக் கப்பல்கள் மிளகு தேடிக் கிழக்கே புறப்பட்டன. டச்சுக்காரர்கள் இந்தப் பக்கம் வந்த முதல் பயணம் அது. பெட்ருஸ் பிளான்சியஸ் என்பவர் ஒரு மதபோதகர், வரைபடம் வரைவதிலும் வல்லவர். அவர் கப்பல் மாலுமியான பீட்டர் கெய்சரைக் கூப்பிட்டு, "தெற்கு வானத்தின் மீன்களை அளந்து எழுதி வா" என்று சொல்லி அனுப்பினார். அதே பயணத்தில் பிரெடெரிக் டி ஹௌட்மன் என்ற இளைஞரும் இருந்தார். வயது இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். இவர்கள் இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். கப்பல் ஓட்டவும் வியாபாரம் செய்யவும் வந்தவர்கள். தொலைநோக்கிக் கண்ணாடி கூட அப்போது கிடையாது; அது வந்தது 1608இல்.

அந்தப் பயணம் நரகம். வழியிலேயே ஸ்கர்வி என்ற நோய் கண்டு ஈறு அழுகி ஆட்கள் செத்தார்கள். மடகாஸ்கர் தீவில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. அங்கேதான் கெய்சர் மீன்களை அளந்தார் என்பர். 1596இல் சாவகத்தின் பாந்தேன் துறைமுகத்தை அடைந்தபோது அவரும் இறந்துபோனார். புறப்பட்ட சுமார் 250 பேரில் 1597இல் திரும்பி ஊர் சேர்ந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆனால் கெய்சர் எழுதிய அட்டவணை மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. 1598இல் பிளான்சியஸ் வெளியிட்ட வான உருண்டையில் 12 புதிய விண்மீன் படங்கள் இருந்தன.

அந்தப் பன்னிரண்டில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். மயில், கொக்கு, சொர்க்கப் பறவை, தீயிலிருந்து எழும் பீனிக்ஸ், பச்சோந்தி, அதன் பக்கத்தில் அதற்கு இரையாக ஓர் ஈ, நீர்ப்பாம்பு, பறக்கும் மீன், அந்தப் பறக்கும் மீனைத் துரத்தும் டொராடோ என்ற பெரிய மீன். கப்பலின் ஓரத்தில் நின்று தினமும் பார்த்ததையும், கரையில் இறங்கி வியந்து பார்த்ததையும் அப்படியே வானத்தில் ஏற்றிவிட்டார்கள். கையில் அம்பு பிடித்த 'இந்தியன்' ஒருவனும் உண்டு. எந்த நாட்டு இந்தியன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பியனுக்குக் கிழக்கே இருந்தவன், மேற்கே இருந்தவன் எல்லாரும் இந்தியன்தான்.

தாத்தா செய்ததும் இதைத்தானே? அவர்கள் பார்த்தது மீனும் பறவையும். இவர் பார்த்தது துரையும் கங்காணியும் பால் வரிசையும்.

கதை இன்னும் முடியவில்லை. ஹௌட்மன் 1598இல் தம் அண்ணன் கொர்னேலிஸோடு இரண்டாம் முறையாகக் கிழக்கே வந்தார். 1599இல் சுமத்ராவின் வடமுனையான அச்சேயில் சுல்தானின் ஆட்களோடு சண்டை மூண்டது. அண்ணன் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றது மலாஹயாத்தி என்ற பெண் தளபதி என்று அச்சே மக்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 2017இல் இந்தோனேசியா அவரைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது. தம்பி பிரெடெரிக் சிறைப்பட்டார். 1601இல் விடுதலையாகும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அச்சேயில் கைதியாக இருந்தார்.

அச்சே எங்கே இருக்கிறது? மலாக்கா நீரிணைக்கு அக்கரையில். பினாங்கும் அச்சேயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அந்தக் கைதி பார்த்த வானம் நம் வானமேதான், வேறல்ல.

கைதியாக இருந்தவர் சும்மா இருக்கவில்லை. பகலில் மலாய் மொழி கற்றார். இரவில் தென்வானத்து மீன்களை மறுபடியும் அளந்தார். ஊர் திரும்பி 1603இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகம் அச்சிட்டார். அது மலாய் மொழிக்கும் மடகாஸ்கர் மொழிக்கும் ஓர் அகராதி. சந்தையில் எப்படிப் பேசுவது என்று உரையாடல்களும் உண்டு. அதன் கடைசியில் பின்னிணைப்பாக 300க்கு மேற்பட்ட தென்வானத்து விண்மீன்களின் அட்டவணை! மொழியையும் வானத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்துக் கட்டிய இந்தப் புத்தகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வியாபாரத்துக்கு வந்து, அண்ணனைப் பறிகொடுத்து, அடைபட்டுக் கிடந்தவன் செய்த வேலை அது. அவர்கள் வந்த நோக்கத்தை நான் மெச்சவில்லை. மிளகுக்காக வந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பது நாம் அறிந்ததே. ஆனால் பார்த்ததை எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அந்த அட்டவணையில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஒரு பறவைப் படத்தின் பெயருக்குப் பக்கத்தில், கிழக்குத் தீவுகளில் இதற்கு 'லாங்' என்று பெயர் என எழுதியிருக்கிறார். பெரிய அலகுடைய இருவாச்சிப் பறவையைத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் இன்றைய ஆராய்ச்சியாளர்கள். சரவாக் மாநிலத்தின் சின்னமாகிய கென்யாலாங் இருக்கிறதே, அந்த இனம். ஆனால் வானப்படத்தில் நிலைத்த பெயர் டூக்கான். டூக்கான் தென்னமெரிக்காவில் வாழும் பறவை! நம் பக்கத்துப் பெயர் ஒன்று ஏட்டில் ஏறியும், வானத்தில் நிற்காமல் வழுக்கி விழுந்துவிட்டது.

அதே 1603இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர் யோஹான் பையர் அச்சிட்ட அழகிய வானப்பட நூலில் இந்த 12 படங்களும் இடம்பெற்றன. பிறகு யாரும் அவற்றை அசைக்க முடியவில்லை. பையரும் வானநூலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பின்னர் 1750களில் லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர் தென்னாப்பிரிக்காவில் இருந்து பார்த்து இன்னும் 14 படங்கள் சேர்த்தார். 1922இல் அனைத்துலக வானியல் சங்கம் மொத்தம் 88 என்று முடிவு கட்டியது. அவற்றின் எல்லைக் கோடுகள் 1930இல் அச்சாயின. நம் ஊரில் நிலத்துக்குக் கிராண்ட் போடுவது போலத்தான்.

மலாய் மீனவனின் பாரியும், பீடோக் என்ற படகும் (நம் சப்தரிஷி மண்டலம்) அந்தப் பட்டியலில் இல்லை. சரவாக்கின் ஈபான் மக்கள் கார்த்திகைக் கூட்டம் விடியலுக்கு முன் கிழக்கே எழுவதைப் பார்த்துத்தான் மலைநெல் சாகுபடிக்குக் காடு வெட்டத் தொடங்குவார்கள். அவர்கள் வைத்த பெயரும் இல்லை. ஆனால் அவற்றையெல்லாம் யாராவது ஒருவர் புத்தகத்தில் எழுதி வைத்ததால்தான் நான் இன்று உங்களுக்குச் சொல்ல முடிகிறது. 2016இல் அதே அனைத்துலகச் சங்கம் விண்மீன் பெயர்களுக்கென ஒரு குழு அமைத்து, பல நாட்டுப் பழம் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. நம் பரணியும் ரேவதியும் அப்படித்தான் பட்டியலில் ஏறின. எழுத்தில் இருந்ததால் ஏறின.

"இதெல்லாம் படித்தவங்க வேலை சார்" என்று பெற்றோர் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களுக்காக இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பானில் கவோரு இக்கேயா என்ற பையன் பியானோ தொழிற்சாலையில் வேலை செய்தவன். கண்ணாடியைத் தானே தேய்த்துத் தொலைநோக்கி செய்து, 1963இல், 19 வயதில், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தான். 1965 செப்டம்பரில் அவரும், கித்தார் வாசிக்கக் கற்றுக்கொடுத்த செக்கி என்பவரும், ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விடியற்காலையில் இன்னொன்றைக் கண்டார்கள். அதுதான் அந்த ஆண்டு அக்டோபரில் பட்டப்பகலில் சூரியனுக்குப் பக்கத்திலேயே தெரிந்த இக்கேயா–செக்கி. அக்டோபர் கடைசியில் பெரட்டு நேரத்தில் கிழக்கே வால் நிமிர்ந்து நின்றதைத் தாத்தா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். எனக்கு எட்டு வயது. தூக்கம்தான் பெரிதாக இருந்தது. பாட்டி மட்டும் கெட்ட காலம் வருகிறது என்று விளக்கேற்றி வைத்தார்.

மற்றவர் நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ். ஆலையிலும் மளிகைக் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டே இரவில் வானம் பார்த்தவர். 1987 பிப்ரவரி 24ஆம் தேதி, டச்சு மாலுமிகள் பெயர் வைத்த அதே டொராடோ படத்தில், ஒரு விண்மீன் வெடித்துப் பிரகாசித்ததை முதலில் கண்ட சிலருள் அவரும் ஒருவர். வெறுங்கண்ணுக்குத் தெரிந்த அத்தகைய வெடிப்பு அதற்கு முன் 1604இல்தான் நிகழ்ந்தது.

மாணவச் செல்வங்களே, அக்டோபர், நவம்பரில் மழை விட்ட ஓர் இரவு, 8 மணிக்கு மேல் வெளியே வாருங்கள். தெற்கே பாதி உயரத்தில் கொக்கு இருக்கும். அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் தாழ்ந்து, மயில். இடப்பக்கம் பீனிக்ஸ். இவையெல்லாம் அந்தப் பன்னிரண்டில் சேர்ந்தவை. பிறகு வடகிழக்கே திரும்பினால் கார்த்திகைக் கூட்டம் எழுந்துகொண்டிருக்கும். மயில் ஒரு பக்கம், ஆறுமுகனை வளர்த்த தாய்மார் மறுபக்கம். டச்சுக்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை! விளக்கு வெளிச்சம் கண்ணில் படாத இடமாக, பெரியவர்கள் துணையோடு நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை கைத்தொலைபேசியைத் தொடாதீர்கள்.

இன்னொரு வேலையும் தந்திருக்கிறேன். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துச் சனம் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் போய்விட்டது. பெரட்டுக்கு இருட்டில் எழுந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மீனை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதி வரும்படி ஆறாம் ஆண்டு பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் துரையையும் கங்காணியையும் நானே எழுதினேன். சில பிள்ளைகள் "தாத்தாவுக்கு மறந்துபோச்சாம் சார்" என்று வந்தார்கள். போன வாரம் ஒரு மாணவி எழுதிக் கொண்டுவந்தாள். என் தாத்தா பால் வரிசை என்று சொன்ன அதே மூன்று மீன்களை அவள் பாட்டி 'காண்டா' என்பாராம். நடுவில் நிற்பவள் பாட்டி, இரண்டு பக்கமும் இரண்டு வாளி.